முதலும் முளையும்: புத்தளக் கரையோரத்தில் தொண்டு நிறுவன நிதியின் வரலாறு (1931–2025)

ஆய்வுச் சுருக்கம்

புத்தளம் மாவட்டக் கரையோரத்தில் பொதுநலப் பணிகளுக்குப் பணம் வந்த வழிகள் காலத்துக்குக் காலம் மாறியிருக்கின்றன. வக்பு, கூட்டுறவு, வெளிநாட்டுக் கொடை, சுழல்நிதி என்ற அந்த நான்கு வழிகளையும் இக்கட்டுரை வரிசையாக ஆராய்கிறது. ஒரு பணியின் ஆயுளை நிர்ணயித்தவை இரண்டு: முதல் யாருடைய பொறுப்பில் நின்றது, பராமரிப்புச் செலவு யாருடைய கணக்கில் ஏறியது. வந்த தொகையின் பருமனுக்கு இதில் இரண்டாம் இடமே உண்டு என்பது இக்கட்டுரையின் வாதம். கண்டல் மீள்நடுகை அனுபவம் இதற்கு முதன்மைச் சான்றாக எடுத்துக்கொள்ளப்படுகிறது.

1. அறிமுகம்

மதுரங்குளியை அடுத்த கனமூலையிலிருந்து வடக்கே கற்பிட்டி வரைக்கும், தெற்கே சிலாபம் வரைக்கும் களப்பும் கடலும் தென்னந்தோப்பும் மாறி மாறி வரும். இந்தக் கரையோரத்தில் போகிறவர்களுக்குப் பழகிப்போன பொருள் ஒன்று உண்டு: செயற்றிட்டப் பெயர்ப்பலகை. உச்சியில் அரச இலச்சினை, அதன் கீழே நிதி தந்தவர்களின் சின்னங்கள், பிறகு தொகை, தொடங்கிய திகதி, முடிந்த திகதி. உப்புக்காற்றில் தகரம் துருவேறியதும் முதலில் அழிவது தொகை எழுதிய வரியா திகதி எழுதிய வரியா என்பது பெயின்ற் பூசியவரின் கையைப் பொறுத்தது. முடிந்த திகதிக்குப் பிறகு அந்தக் கிணற்றுக்கும் கட்டடத்துக்கும் கன்றுகளுக்கும் என்ன ஆயிற்று என்று எந்தப் பலகையும் சொல்வதில்லை. இவ்வாய்வின் கேள்வி அந்தத் திகதிக்குப் பின்னால்தான் தொடங்குகிறது.

2. முதலைக் கட்டிவைத்தல்: வக்பும் சிக்கனச் சங்கமும்

வெளிநாட்டுக் கொடை வருமுன்பே இக்கரையோர மக்களுக்கு நிலைத்த நிதி என்ற எண்ணம் பழக்கமானது. ஒருவர் தன் தென்னந்தோப்பைப் பள்ளிவாசலுக்கு வக்பு செய்தால் அதன் பிறகு அதை அவரும் விற்க முடியாது, அவருடைய பிள்ளைகளும் விற்க முடியாது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தேங்காய் பறித்து வரும் பணம், குறித்த நற்பணிக்குப் போகும். தோப்பு முதல், தேங்காய் பலன். முதலைத் தொடாமல் பலனை மட்டும் செலவிடுவதே இதன் விதி.

இந்த வழக்கத்துக்குச் சட்ட வடிவம் கொடுத்தவற்றுள் 1931 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்க முஸ்லிம் மரணசாசனமற்ற வாரிசுரிமை மற்றும் வக்புக் கட்டளைச் சட்டம் முக்கியமானது. 1956 ஆம் ஆண்டின் 51 ஆம் இலக்க வக்புச் சட்டம் பள்ளிவாசல்களையும் தரும நம்பிக்கைப் பொறுப்புகளையும் பதிவின் கீழ்க் கொண்டுவந்தது. அதன் பிறகு நம்பிக்கையாளர் சபை கணக்குக் காட்டக் கடமைப்பட்டது.

இரண்டாவது மரபு கூட்டுறவு. 1911 ஆம் ஆண்டின் கூட்டுறவுக் கடன் சங்கக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வளர்ந்த சிக்கனக் கடனுதவிச் சங்கங்கள் காலப்போக்கில் தளர்ந்தன. பி. ஏ. கிரிவந்தெனிய 1978 இல் கேகாலை மாவட்டத்தின் வல்கம கிராமத்திலிருந்து அவற்றுக்கு மறுவாழ்வு கொடுத்தார். அந்த இயக்கமே 'சனச'. வக்பில் முதலைத் தந்தவர் ஒரு தனவந்தர். இங்கே உறுப்பினர் ஒவ்வொருவரும் சிறுகச் சிறுகச் சேர்த்தது முதலாயிற்று. இரண்டிலும் முதல் ஊருக்குள்ளேயே நின்றது.

குறைகளும் இல்லாமல் இல்லை. வக்பின் நோக்கம் எழுதிய நாளிலேயே இறுகிவிடும். புதிய தேவைக்கு அதைத் திருப்புவது கடினம். நம்பிக்கையாளர் சபைகளில் பெண்களுக்கு இடம் அரிதாகவே இருந்தது. சிக்கனச் சங்கமோ, சேமிக்க ஏதாவது கையில் மிஞ்சுபவருக்கே உதவும். மிக ஏழை வெளியே நின்றார். பின்னர் வந்த கொடைநிதி புகுந்தது இந்த இடைவெளிக்குள்தான்.

3. கொடையாளர் கூட்டமைப்பின் பாடம்

அந்நிய நிதியைப் பெருமளவில் பெற்ற முதல் இலங்கை இயக்கங்களுள் சர்வோதயம் ஒன்று. நாளந்தாக் கல்லூரி ஆசிரியர் ஏ. ரி. ஆரியரத்ன 1958 இல் மாணவர்களை அழைத்துச் சென்று நடத்திய முதல் சிரமதானம் கனத்தொலுவவில் நடந்தது. அது புத்தளத்தோடு வடமேல் மாகாணத்தைப் பகிர்ந்துகொள்ளும் குருநாகல் மாவட்டத்து ஊர். அங்கே மூலதனமாக இருந்தது உடலுழைப்பு. 1972 இல் பாராளுமன்றச் சட்டத்தால் கூட்டிணைக்கப்பட்ட சர்வோதயம், நெதர்லாந்தின் நொவிப், நோர்வே, கனடா, பிரித்தானிய உதவி முகவரகங்கள் ஆகியவற்றின் ஆதரவோடு வேகமாக வளர்ந்தது. 1980களின் நடுப்பகுதியில் இக்கொடையாளர்கள் ஒரு கூட்டமைப்பாகச் சேர்ந்தார்கள்.

பல கடிதங்களுக்குப் பதில் ஒரே அறிக்கை, பல பேச்சுக்களுக்குப் பதில் ஒரே மேசை என்பதால் தொடக்கத்தில் இது வசதியாகத் தெரிந்தது. ஆனால் மேசையின் மறுபுறம் ஒரே குரலாக மாறியதும் இயக்கத்தின் பேரம்பேசும் வலிமை குறைந்தது. எண்ணிக் காட்டக்கூடிய விளைவுகளைக் கொடையாளர் கேட்டார்கள். விழிப்புணர்வு என்ற தன் இலக்கை எண்ணிக்கையாக்க சர்வோதயம் தடுமாறியது. 1990களில் நிதி வற்ற, ஊழியர் தொகையும் சுருங்கியது. ஜெஹான் பெரேரா போன்றோர் இதைச் சமமற்ற உரையாடல் என்ற கோணத்தில் ஆராய்ந்துள்ளனர். அக்காலத்தில் சர்வோதயம் தொடங்கிய கிராமியக் கடன் பிரிவு 'சீட்ஸ்' என்ற தனி அமைப்பாகி, கொடை குறைந்த பிறகும் இயங்கியது. வரவும் செலவும் ஒரே ஏட்டில் சந்தித்த பகுதி அதுதான்.

4. 1990: அவசரத்தின் பொருளாதாரம்

1990 ஒக்டோபர் இறுதியில் வட மாகாணத்திலிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். பெரும்பாலானோர் புத்தளம் மாவட்டத்தை வந்தடைந்தார்கள். முதலில் கதவைத் திறந்தவை பள்ளிவாசல்களும் பாடசாலைகளும் உள்ளூர்க் குடும்பங்களின் வளவுகளும். நிவாரண நிறுவனங்கள் அவற்றுக்குப் பின்னால் வந்தன. உலர் உணவு, தென்னோலைக் குடிசை, கிணறு, கழிவறை என நிதி பிரிந்தது. இடம்பெயர்ந்தோரே சொந்த அமைப்புகளைத் தொடங்கினார்கள். உள்ளூர்த் தொண்டு நிறுவனங்களும் பெருகின.

அவசர நிதிக்கு இயல்பான ஒரு குணம் உண்டு: அதன் அலகு மாதம். இடம்பெயர்வோ இரண்டு தசாப்தங்களைத் தாண்டி நீண்டது. மாதக் கணக்கில் வரும் பணத்தை நம்பி ஆண்டுக் கணக்கில் நீளும் வாழ்க்கையை நடத்த வேண்டியிருந்தது. இந்தப் பொருத்தமின்மையை ஓரளவு உடைத்தது, 2007 இல் உலக வங்கியின் சர்வதேச அபிவிருத்திச் சங்கம் ஒப்புதல் அளித்த 32 மில்லியன் டொலர் புத்தளம் வீடமைப்புத் திட்டம். அது அரசாங்கம் திருப்பிச் செலுத்த வேண்டிய சலுகைக் கடன். ஆனால் குடும்பத்தின் கையில் அது தன் பெயரில் உள்ள காணியில் தானே கட்டும் வீடாக வந்து சேர்ந்தது. காணி உறுதி நிபந்தனையாக இருந்ததால் உறுதி இல்லாதவர் தள்ளி நின்றார். உறுதி இருந்தவருக்கோ திட்டம் முடிந்த பிறகும் வீடு நின்றது. மூலதனம் பயனாளியின் கைக்கு மாறிய மிகத் தெளிவான உதாரணம் இது.

இதே காலத்தில் அரசின் பார்வையும் இறுகியது. 1980 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்கத் தொண்டர் சமூக சேவை அமைப்புகள் சட்டம் பதிவையும் மேற்பார்வையையும் கொண்டுவந்தது. 1990 இன் இறுதியில் அரசசார்பற்ற நிறுவனங்களை விசாரிக்க ஆணைக்குழு நியமிக்கப்பட்டது. 1998 திருத்தம், மோசடி நடந்ததாகக் காணப்பட்ட அமைப்புக்கு இடைக்கால நிர்வாகச் சபையை நியமிக்க இடமளித்தது. 2010 இல் அரசசார்பற்ற நிறுவனங்களுக்கான செயலகம் பாதுகாப்பு அமைச்சின் கீழ் போனது. கிணறு தோண்டும் சங்கமும் அந்தக் கண்ணாலேயே பார்க்கப்பட்டது.

5. கண்டல்: நடுகைக்கும் பராமரிப்புக்கும் இடையே

இக்கட்டுரையின் வாதத்தை உரசிப் பார்க்கக் கண்டல் நிலத்தைவிடச் சிறந்த கல் இல்லை. 1980களில் புத்தளம் மாவட்டத்தில் பரவிய இறால் பண்ணைகளுக்காகக் கண்டல் வெட்டப்பட்டது. 1996 இல் வெண்புள்ளி நோய் பண்ணைகளைத் தாக்கிய பிறகு பல குளங்கள் கைவிடப்பட்டன. 2004 ஆழிப்பேரலைக்குப் பின்னர் கண்டலுக்கென்று பணம் பெருகி வந்தது. பள்ளிப் பிள்ளைகளும் அதிகாரிகளும் சேற்றில் இறங்கி முளை நட்டார்கள்.

இலங்கை முழுவதும் இம்முயற்சிகளை ஆராய்ந்து கொடிகார குழுவினர் 2017 இல் வெளியிட்ட முடிவுகள் கடுமையானவை. நடுகை நடந்த சுமார் 1,000–1,200 ஹெக்டயரில் வெற்றி கண்டது 200–220 ஹெக்டயர் மட்டும். ஆராய்ந்த 23 இடங்களுள் ஒன்பதில் ஒரு கன்றுகூட எஞ்சவில்லை. பாதிக்கு மேல் பிழைத்த இடங்கள் மூன்றே: கற்பிட்டி, பம்பலை, நீர்கொழும்பு. முதல் இரண்டும் புத்தளம் மாவட்டத்தில் உள்ளவை.

காரணம் சேற்றிலேயே தெரியும். பென்சில்போல் நீண்ட கண்டல் முளையை வற்றும் நேரத்தில் குத்திவிடுவது எளிது. வெள்ளம் ஏறும் மட்டத்தைப் பார்க்காமல் நட்டால், அடுத்த மாதத்துக்குள் பாசி போர்த்திக்கொள்ளும். தண்டில் கொட்டலசு ஒட்டி எடை ஏறும். மேட்டுப்பக்கம் நட்டதை மாடு மிதிக்கும். ஆய்வின்படி, பிழைத்த விகிதமும் நடுகைக்குப் பிந்திய பராமரிப்பும் நெருங்கிய தொடர்புடையவை. பராமரிப்பு என்றால் வாரத்துக்கு ஒருநாள் ஒருவர் சேற்றில் இறங்கி, பாசியை வழித்து, செத்த முளைக்குப் பதில் வேறொன்றை நடுவது. நடுகை விழாவுக்குப் பட்ஜெட்டில் வரி இருந்தது. அந்த ஒருவரின் கூலிக்கு இருக்கவில்லை.

இக்குறையை வேறு கணக்கால் தீர்க்க முயன்றது சிலாபத்தை மையமாகக் கொண்ட சுதீச அமைப்பு. முன்னர் சிறு மீனவர் சம்மேளனம் என அறியப்பட்டது அதுவே. அமெரிக்காவின் சீக்கொலஜியோடும் அரசாங்கத்தோடும் இணைந்து 2015 இல் அறிவித்த ஐந்தாண்டுத் திட்டத்துக்கு 34 இலட்சம் டொலர் ஒதுக்கப்பட்டது. களப்போரத்து 1,500 சமூகங்களில் 15,000 பெண்களுக்குப் பயிற்சியும் நுண்கடனும் வழங்குவது, பதிலுக்கு அச்சமூகங்கள் எஞ்சியுள்ள கண்டலைக் காப்பது என்பது உடன்பாடு. 2016 இல் பம்பலையில் கண்டல் அருங்காட்சியகமும் திறக்கப்பட்டது. இங்கே கொடை சுழல்நிதியாக மாறுகிறது: ஒருவர் திருப்பிக் கட்டினால் இன்னொருவர் எடுப்பார். காவலின் கூலி கடன் வடிவில் வந்து சேர்கிறது. வக்பின் பழைய விதி புதிய மொழியில் எழுதப்பட்டதாகவே இதை வாசிக்கலாம்.

6. முதலை அரிப்பவை

சுழல்நிதிக்கும் பகைவர் உண்டு. 2015 இல் ஒரு டொலர் சுமார் 134 ரூபாவாக இருந்தது; 2022 இல் 360ஐ எட்டியது. கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி பணவீக்கம் 2022 செப்டெம்பரில் 69.8 வீதம். ஒரு சதமும் மோசம் போகாமல் சுழன்ற ஒரு இலட்சம் ரூபா நிதியின் டொலர்ப் பெறுமதிகூட மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டிய அளவுக்கு வந்துவிட்டது. வக்புத் தோப்புக்கு இந்த அரிப்பு இல்லை. தேங்காயின் விலையும் கூடவே ஏறியது.

கடனே சுமையாவதும் நடந்தது. நுண்கடனில் சிக்கிய பெண்களுக்காக 2018 இல் அரசாங்கம் வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் ஓரளவு கடனைத் தள்ளுபடி செய்ய நேர்ந்தது. சொந்த வருமானம் தேடுகிறோம் என்ற பெயரில் தொண்டு நிறுவனம் வட்டிக்கடையாகிவிடும் ஆபத்து உண்மையானது.

மூன்றாவது, வரி. அரசசார்பற்ற நிறுவனம் பெறும் கொடையின் 3 வீதம் வருமானமாகக் கருதப்பட்டு அதன்மேல் வரி விதிக்கப்படுகிறது. 30 வீத வரியில் பத்து இலட்சம் ரூபா கொடைக்கு 9,000 ரூபா. தொகை சிறிது. ஆனால் அந்த வரியைக் கட்டவும் கணக்கு எழுதவும் தேவையான எழுதுவினைஞரின் சம்பளத்தைக் கொடையாளர் 'நிர்வாகச் செலவு' என்று வெட்டுகிறார். இந்தியாவில் 2020 திருத்தம் வெளிநாட்டு நிதியில் நிர்வாகச் செலவின் உச்சவரம்பை 50 வீதத்திலிருந்து 20க்கு இறக்கியது இதே மனப்போக்கின் சட்ட வடிவம்.

நான்காவது, கொடையாளரின் வெளியேற்றம். 2019 இல் உலக வங்கி இலங்கையை உயர் நடுத்தர வருமான நாடாக உயர்த்தி, அடுத்த ஆண்டே மீண்டும் இறக்கியது. கொடையாளரின் வரிசையில் பின்னுக்குப் போக அந்த ஒரு வகைப்பாடே போதும். 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தது. ஜூலை முதலாம் திகதியோடு யூ.எஸ்.எயிட் முகவரகமே மூடப்பட்டது. ஒரே கொடையாளரை நம்பியிருந்த அமைப்புகளுக்கு அந்த வெளியேற்றம் ஒரு கையெழுத்தில் நேர்ந்தது. பங்களாதேசத்தின் பிராக் தொண்டு நிறுவனம் 1978 இலேயே ஆரோங் கைவினைக் கடைகளைத் தொடங்கி இந்த நாளுக்கு ஆயத்தமானது. அந்த அளவு சந்தை சிறிய ஊருக்கு இல்லை என்பதும் உண்மை.

7. முடிவுரை

நூற்றாண்டுக்கு அண்மித்த இவ்வரலாற்றில் நிலைத்தவை எல்லாவற்றுக்கும் ஒரு பொது அம்சம் உண்டு. வக்புத் தோப்பு, சனசப் பேரேடு, உறுதியோடு கட்டிய வீடு, பம்பலைக் கண்டல் ஆகிய நான்கிலும், கொடையாளர் போன மறுநாள் யார் இறங்க வேண்டும் என்பது முன்கூட்டியே எழுதப்பட்டிருந்தது. அது எழுதப்படாத இடங்களில் பணம் பலகையாக மட்டும் எஞ்சியது.

இதிலிருந்து மூன்று பரிந்துரைகள் எழுகின்றன. ஒன்று, ஒவ்வொரு கொடையிலும் முடிந்த திகதிக்குப் பின் குறைந்தது மூன்று ஆண்டுப் பராமரிப்புக் கூலி தனிச் செலவினமாக இருக்க வேண்டும். இரண்டு, சுழல்நிதியின் ஒரு பகுதி காணி, தோப்பு போன்ற பணவீக்கம் அரிக்காத சொத்தாக மாற வேண்டும். மூன்று, அச்சொத்தின் பொறுப்பாளர் சபையில் அதனால் வாழும் பெண்கள் இருக்க வேண்டும். கனமூலை போன்ற ஒரு களப்போர ஊரில் மாதர் சங்கம் ஒன்று இருபது தென்னை நிற்கும் வளவை வாங்கினால், தேங்காய்ப் பறிப்புப் பணத்தில் வாரத்துக்கு ஒருநாள் சேற்றில் இறங்குபவரின் கூலியைத் தானே கொடுக்கலாம். அந்தப் பறிப்புக்கு முடிவுத் திகதி கிடையாது.