எம்.ஜே. கோபாலன்

மொரப்பாக்கம் ஜோசியம் கோபாலன் (6 ஜூன் 1909 – 21 டிசம்பர் 2003) கிரிக்கெட், ஹாக்கி ஆகிய இரண்டிலும் இந்தியாவுக்கு ஆடிய தமிழக வீரர். ரஞ்சிக் கோப்பையின் முதல் பந்தை வீசியவர் இவரே.

இளமை

தாம்பரத்துக்குத் தெற்கே, இன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த மொரப்பாக்கத்தில் பிறந்தார். சிறுவயதிலேயே குடும்பம் திருவல்லிக்கேணிக்குக் குடிவந்தது. அவருடைய திறமையை முதலில் இனங்கண்டவர், சென்னை கிரிக்கெட்டை வளர்த்தவர்களில் ஒருவரான சி.பி. ஜான்ஸ்டன். ஆட்டத்தை மட்டும் நம்பிப் பிழைக்க முடியாத காலம் அது. கோபாலனுக்கு பர்மா ஷெல் நிறுவனத்தில் வேலை கிடைக்க ஜான்ஸ்டன் வழிசெய்தார்.

கிரிக்கெட்

வலக்கை மித வேகப் பந்துவீச்சாளரான கோபாலன், 1934 ஜனவரியில் கல்கத்தா ஈடன் தோட்டத்தில் ஜார்டின் தலைமையிலான இங்கிலாந்துக்கு எதிராகக் களமிறங்கினார். அவர் ஆடிய ஒரே டெஸ்ட் அதுதான். அதே ஆண்டு நவம்பர் 4 அன்று சேப்பாக்கத்தில் சென்னை–மைசூர் ஆட்டத்துடன் ரஞ்சிக் கோப்பை பிறந்தது. கோபாலன் வீசிய முதல் பந்தை எதிர்கொண்டவர் மைசூரின் கர்டிஸ். மைசூர் 48, 59 ரன்களில் இருமுறை சுருண்டது. சென்னை எடுத்தது 130. ஏ.ஜி. ராம்சிங் 11 விக்கெட் சாய்க்க, ஆட்டம் ஒரே நாளில் முடிந்துபோனது.

ஹாக்கியும் ஒரு முடிவும்

1935இல் தியான்சந்துடன் நியூசிலாந்து சென்ற இந்திய ஹாக்கி அணியில் கோபாலன் இடம்பெற்றார். அந்தச் சுற்றுப்பயணத்தில் இந்தியா ஒரு ஆட்டத்தில்கூடத் தோற்கவில்லை. மறு ஆண்டு பெர்லின் ஒலிம்பிக் வாய்ப்பும் இங்கிலாந்து கிரிக்கெட் பயண வாய்ப்பும் ஒருசேர வந்தபோது, கிரிக்கெட்டையே தேர்ந்தெடுத்தார். உட்பூசலில் சிக்கிய அந்த அணியில் அவருக்கு ஒரு டெஸ்டிலும் இடம் கிடைக்கவில்லை. பெர்லினிலோ இந்தியா இறுதிப் போட்டியில் ஜெர்மனியை 8–1 என வீழ்த்தித் தங்கம் வென்றது.

பிற்காலம்

1952–53 பருவத்தில் சென்னைக்கும் இலங்கைக்கும் இடையே தொடங்கிய போட்டிக்கு கோபாலன் கோப்பை என்று பெயரிடப்பட்டது. டெஸ்ட் தகுதிக்காகப் பல ஆண்டுகள் காத்திருந்த இலங்கைக்கு அது நல்ல பயிற்சிக் களமாக அமைந்தது. பின்னர் தேசியத் தேர்வாளராகவும் பணியாற்றிய கோபாலன், 94ஆம் வயதில் சென்னையில் காலமானார். ஒரு டெஸ்ட், ஒரு விக்கெட் என்ற கணக்கு அவருடைய தகுதிக்கு அளவுகோல் ஆகாது. இரு ஆட்டங்களில் நாட்டின் சட்டையை அணிந்த அவரைத் தமிழக விளையாட்டு வரலாற்றின் முதல் வரிசையில் வைப்பதே நியாயம்.