ஒரு கூரையும் இரு கணக்கும்

ஒரே வீட்டில் இருந்துகொண்டே பிரிந்து வாழும் கணவன் மனைவியைக் கதை எழுதுகிறவர்கள் எல்லோருக்கும் நன்றாகத் தெரியும். அவன் மாடியில், அவள் கீழே. குழந்தையைத் தூது வைத்துத்தான் பேச்சு. இந்த மௌனத்தின் மேல் எத்தனை நாவல்கள் எழுந்திருக்கின்றன! என் பங்குக்கு நானும் இரண்டு எழுதியிருக்கிறேன். "அவர்கள் மனத்தால் எப்போதோ பிரிந்துவிட்டார்கள்" என்று ஆசிரியன் ஒரு வரி எழுதினால் போதும், வாசகர் ஒப்புக்கொண்டுவிடுவார். அமெரிக்க வருமான வரிச் சட்டம் அப்படி ஒப்புக்கொள்வதில்லை. இந்தத் தம்பதிகளை என்னவென்று அழைப்பது என்று தீர்மானிக்க அது பல ஆண்டுகள் திணறியிருக்கிறது. வரி என்றதும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இதிலும் ஒரு குடும்பக் கதைதான் இருக்கிறது.

கதை 1913-இல் தொடங்குகிறது. அந்த ஆண்டுதான் அமெரிக்காவில் இன்றைய வருமான வரி பிறந்தது. அது ஒரு படிக்கட்டு மாதிரி. வருமானம் ஏற ஏற வரி விகிதமும் ஏறும். ஒருவர் மட்டும் 10,000 டாலர் சம்பாதித்ததாகக் கணக்குக் காட்டினால் மேல் படிவரை ஏறியாக வேண்டும். அதே தொகையை இருவர் ஆளுக்கு 5,000 என்று காட்டினால் இருவருமே கீழ்ப் படியில் நின்றுவிடலாம். அப்படியானால் கணவனின் சம்பாத்தியத்தில் பாதி மனைவியுடையது என்று சொல்லிவிட்டால் என்ன?

கலிபோர்னியாவைச் சேர்ந்த ஏர்ல் என்பவர் அப்படித்தான் சொன்னார். இருவர் சம்பாத்தியமும் இருவருக்கும் பொது என்று அவரும் மனைவியும் 1901-லேயே ஒப்பந்தம் எழுதிக்கொண்டிருந்தார்கள். அப்போது இந்த வரியே கிடையாது. ஆகவே அதில் தந்திரம் இருந்ததென்று யாரும் சொல்ல முடியாது. ஆனாலும் 1930 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட்டு அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. பழம் எந்த மரத்தில் பழுத்ததோ அந்த மரத்தின் கணக்கில்தான் சேரும் என்பது நீதிபதி ஹோம்ஸின் வாதம். அதே ஆண்டு நவம்பரில் வாஷிங்டன் மாநிலத்துக்காரரான சீபார்னின் வழக்கு வந்தது. அந்த மாநிலத்துச் சட்டப்படி கணவனின் சம்பாத்தியத்தில் பாதி ஆரம்பத்திலிருந்தே மனைவிக்குச் சொந்தம். அவர் ஜெயித்துவிட்டார்.

ஸ்பானிய, பிரெஞ்சு வழக்கத்திலிருந்து வந்த இந்தப் பொதுச்சொத்து முறை அப்போது எட்டு மாநிலங்களில் இருந்தது. ஒரே சம்பளம் வாங்கும் இரண்டு குடும்பங்கள், மாநில எல்லைக்கு இப்பால் ஒரு வரியும் அப்பால் ஒரு வரியும் கட்டின. யுத்த காலத்தில் வரி மிகவும் ஏறியபோது மற்ற மாநிலங்களுக்கும் ஆசை பிறந்தது. ஒக்லஹோமா, ஓரிகான், மிச்சிகன், நெப்ராஸ்கா ஆகியவை தங்கள் குடும்பச் சொத்துச் சட்டத்தையே மாற்றிக்கொண்டன. மனைவியின் மேல் திடீரென்று மரியாதை வந்துவிட்டதால் அல்ல, வரியை மிச்சப்படுத்தத்தான். 1948-இல் ஜனாதிபதி ட்ரூமன் மறுத்தும், அமெரிக்கக் காங்கிரஸ் அவரை மீறிச் சட்டம் செய்தது. நாடெங்கும் தம்பதிகள் சேர்ந்து ஒரே கணக்குக் கொடுத்து, வருமானத்தைப் பாதியாகப் பிரித்துக் காட்டலாம் என்றது. உடனே அந்த மாநிலங்கள் பழைய சட்டத்துக்கே திரும்பிவிட்டன. மனைவிக்குக் கிடைத்த பாதிச் சொத்தும் அத்தோடு போயிற்று.

அன்று முதல் கல்யாணம் என்பது வரிப் படிவத்தில் ஓர் அந்தஸ்து ஆகிவிட்டது. தனி ஆள், அதே வருமானமுள்ள தம்பதிகளைக் காட்டிலும் சில படிகளில் 40 சதவிகிதத்துக்கும் மேலாகக் கட்ட நேர்ந்தது. குழந்தையைக் காப்பாற்றும் விதவை போன்றவர்களுக்காக 1951-இல் 'குடும்பத் தலைவர்' என்று ஓர் இடைப் படி அமைத்தார்கள். மற்றவர்களுக்கு விடிவில்லை. கனெக்டிகட்டில் தொழிற்சாலை நடத்திய விவியன் கெல்லம்ஸ் என்ற அம்மாள், வெற்றுப் படிவத்தில் கையெழுத்தை மட்டும் போட்டு வருஷா வருஷம் அனுப்பிப் போராடினார். 1969-இல் சட்டம் இறங்கி வந்தது. தனி ஆளின் வரி தம்பதிகளின் வரியைவிட 20 சதவிகிதத்துக்கு மேல் போகாதபடி புதிய விகிதங்கள் 1971 முதல் அமலாயின.

தராசின் ஒரு தட்டு இறங்கினால் மற்றது ஏறத்தானே செய்யும்! இருவருமே சம்பாதிக்கும் தம்பதிகளுக்கு இப்போது கல்யாணமே அபராதமாயிற்று. வரிச் சட்டம் ஆண்டின் கடைசி நாளான டிசம்பர் 31-ஐத்தான் பார்க்கிறது. மேரிலாந்தைச் சேர்ந்த ஒரு தம்பதிகள் 1975-லும் 1976-லும் வருஷக் கடைசியில் கரீபியன் தீவுகளுக்குப் போய் விவாகரத்து வாங்கி, அடுத்த வருஷத் தொடக்கத்தில் திரும்பவும் மணந்துகொண்டார்கள். இப்படிப்பட்ட விவாகரத்து வெறும் வேஷம் என்று வரி இலாகா 1976-இல் அறிவித்தது. இவர்கள் விஷயம் கோர்ட்டுவரை போயிற்று. மனம் ஒன்றி, காகிதத்தில் மட்டும் பிரிந்தவர்கள் இவர்கள். நம் கதாபாத்திரங்களோ நேர் எதிர். காகிதத்தில் மட்டும்தான் ஒன்றாக இருக்கிறார்கள்.

நம்மவர்களுக்கு என்ன வழி? சேர்ந்து கணக்குக் கொடுத்தால் வரி குறையலாம். ஆனால் அந்தக் கையெழுத்துக்குப் பிறகு, கணவன் மறைத்த வருமானத்துக்கும் மனைவி முழுப் பொறுப்பு. 'அறியாத துணை'க்குச் சட்டம் 1971-இல் சிறிதளவும் 1998-இல் தாராளமாகவும் மன்னிப்பு அளித்தது என்றாலும், தனக்குத் தெரியாது என்பதை அவள்தான் நிரூபிக்க வேண்டும். மணமானவர் என்ற பெயரிலேயே தனிக் கணக்குக் கொடுத்தால் பல சலுகைகள் கைநழுவிப் போகும். குழந்தையோடு கைவிடப்பட்டவர்களுக்காக 1969-இல் மூன்றாவது வாசல் ஒன்று திறந்தது. குழந்தையை வைத்துக்கொண்டு, வீட்டுச் செலவில் பாதிக்கு மேல் தானே போடுகிறவளை மணமாகாதவள் போலவே நடத்தலாம். நிபந்தனை ஒன்று: கணவன் ஆண்டு முழுவதும் அந்த வீட்டில் இருந்திருக்கக் கூடாது. 1984-இல் அதை ஆண்டின் கடைசி ஆறு மாதமாகக் குறைத்தார்கள். கோர்ட்டு கொடுத்த பிரிவினைத் தீர்ப்பு கையில் இருந்தால் இந்த வாசல் தேவையில்லை. தீர்ப்பும் இல்லாமல், அவன் மாடியிலேயே இருந்தால், அவர்கள் பேசி எத்தனை வருஷமானாலும் சட்டத்தின் கண்ணில் தம்பதிகள்தாம்.

'மாடி வேறு, கீழ் வேறு' என்று வாதாடிப் பார்க்காமல் இல்லை. அந்தச் சண்டை ஜீவனாம்சத்தை வைத்து நடந்தது. பிரிந்து வாழும் மனைவிக்குக் கொடுக்கும் ஜீவனாம்சத்தைக் கணவன் தன் வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ள அந்நாளில் இடமிருந்தது. ஒரே வீட்டுக்குள் பிரிந்திருக்கிறவர்களுக்கும் இது பொருந்துமா? ஒரே கூரையின் கீழும் பிரிந்து வாழ முடியும், விசாரித்துப் பார்க்க வேண்டிய விஷயம் அது என்று எட்டாவது வட்டார மேல்முறையீட்டுக் கோர்ட்டு 1978-இல் சொல்லிற்று. வரிக் கோர்ட்டு 1981-இல் வேறொரு வழக்கில் அதை ஏற்கவில்லை. வீடு வேறாக வேண்டும் என்றது. பின்னர் வந்த 1984-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கான விதிகளில் பேச்சுக்கே இடமில்லாமல் எழுதிவிட்டார்கள்: முன்பு சேர்ந்திருந்த வீட்டுக்குள் எப்படித்தான் ஒதுங்கி இருந்தாலும் அது இரண்டு குடித்தனம் ஆகாது, புறப்படத் தயாராகிறவருக்கு மட்டும் ஒரு மாதத் தவணை. 2018-க்குப் பிந்திய விவாகரத்துக்களுக்கு ஜீவனாம்சக் கழிவே கிடையாது என்று ஆகிவிட்டதால் அந்தச் சண்டையும் ஓய்ந்தது. ஆறு மாத நிபந்தனை மட்டும் நிற்கிறது.

முதலில் எனக்கு இந்தச் சட்டத்தின் மேல் கோபம்தான் வந்தது. மனத்தைப் பார்க்காமல் கதவைப் பார்ப்பது என்ன நியாயம்? பிறகு யோசித்துப் பார்த்தேன். மனத்தைப் பார்க்கப் புறப்பட்டால் வரி அதிகாரி என்னவெல்லாம் கேட்க வேண்டியிருக்கும்! யார் சமைத்தது, யார் சாப்பிட்டது, நடுராத்திரி எந்த அறையில் விளக்கு எரிந்தது? நாவலாசிரியன் கேட்கலாம். சர்க்கார் கேட்கக் கூடாது. வாசற்படியிலேயே நின்றுவிடுகிற சட்டத்தில் ஒரு மரியாதையும் இருக்கத்தான் செய்கிறது.

ஆனால் அந்த மரியாதைக்கு விலை கொடுக்கிறவர் யார்? வசதியுள்ளவன் ஜூன் மாதத்துக்குள் வேறு வீடு பார்த்துக்கொண்டு போய்விடுகிறான். அவன் மனைவிக்கு மூன்றாவது வாசல் திறக்கிறது. இரண்டு வாடகை கொடுக்க முடியாதவர்கள்தாம் ஒரு கூரையின் கீழ் அகப்பட்டுக்கொள்கிறார்கள். 2021-இல், குறைந்த சம்பளக்காரர்களுக்குரிய ஒரு வரிச் சலுகையைப் பிரிந்து வாழும் தாய் தனிக் கணக்குக் கொடுத்தாலும் பெறலாம் என்று சட்டத்தைத் தளர்த்தினார்கள். அதிலும் வீடு பிரிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை போகவில்லை. விவாகத்தின் முடிவை அளக்கச் சட்டத்துக்குச் சுவரைத் தவிர வேறு அளவுகோல் கிடைக்காமல் இருக்கலாம். அந்தச் சுவரை எழுப்பப் பணம் வேண்டும் என்பதையாவது அது நினைவில் வைத்துக்கொள்ளலாம் அல்லவா?