தலபுராணம் இல்லாத மலை

பழனிக்குத் தலபுராணம் உண்டு. மலேசியாவின் பத்துமலைக்கு இருப்பது வரலாறு மட்டுமே. இதனைக் குறையெனக் கொள்வாரும் உளர்; அது பொருந்தாது.

பெயரிலேயே தொடங்கலாம். 'பத்து' என்பது எண்ணன்று. மலாய்மொழியில் கல் எனப் பொருள்படும் அச்சொல், அருகோடும் பத்து ஆற்றின் வழியே மலைக்கு வந்தது. குகைகளைத் தெமுவான் பழங்குடியினர் நெடுங்காலமாக அறிவர்; 1878க்குப் பின்னரே வெளியுலகம் அறிந்தது. 1891இல் தம்புசாமிப் பிள்ளை அங்கு முருகனை எழுந்தருளச் செய்தார். குகைவாயில் வேல் வடிவாய்த் தோன்றியதே காரணம் என்பர். மறு ஆண்டே தைப்பூசம் தொடங்கிற்று.

மலையோ செங்குத்தான சுண்ணாம்புப் பாறை. மரப்படிகள் அமைந்தது 1920இல். அதுவரை இருபத்தெட்டு ஆண்டுகள் காவடி சுமந்தோர் எவ்வாறு ஏறினர் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

சிம்பாங் ரெங்கம் வட்டாரத் தோட்டப் பாட்டாளிகளுக்கோ மலைக்கு முன்னே வழியே ஒரு மலை. கோலாலம்பூர் 150 கல்லுக்கு அப்பால் உள்ளது. ஜொகூர் இரயில் பாதை 1909இல் முடிவுற்ற பின்னரே ரெங்கம் நிலையத்திலிருந்து அங்குச் செல்ல இயன்றது. அப்பொழுதும் நாட்கூலி பெறுவோர்க்கு விடுப்பெடுத்த ஒவ்வொரு நாளும் கூலியிழப்பே. அவர்தம் நேர்த்திக்கடனில் அலகு குத்திய நோவோடு இவ்விழப்பையும் சேர்த்தே கணக்கிடல் தகும்.

இன்றுள்ள 272 சிமெந்துப் படிகள் 1940இல் எழுந்தவை. 140 அடி முருகன் சிலை 2006இல் எழுந்தது. படிகள் பல வண்ணம் பெற்றது 2018இல். காண வருவோர் சிலையையே படமெடுக்கின்றனர். படிகள் அதனினும் 66 ஆண்டு மூத்தவை.