பழைய கார் புராணம்

ஒரு காலத்தில் நம் நாட்டில் புதுக் காரை விட ஓட்டின காருக்கு விலை அதிகம். ஆபீஸ் பசங்களிடம் சொன்னால் சிரிக்கிறார்கள். ஷோரூம் வாசலைத் தாண்டியதுமே விலை விழுந்துவிடும் என்று கேட்டே வளர்ந்தவர்கள், பாவம். அவர்களுக்காகத்தான் இந்தப் புராணம். கொஞ்சம் நீளமாகப் போகும், காபி போட்டு எடுத்துக்கிட்டு வந்துடுங்க.

சுதந்திரத்துக்கு முன்னாலேயே இங்கே கார் பூட்டிக்கொண்டிருந்தார்கள். பம்பாயில் ஜெனரல் மோட்டார்ஸ் 1928லேயே கடையைத் திறந்தது. பின்னாலேயே ஃபோர்டும் வந்தது. பெட்டி பெட்டியாகக் கப்பலில் வரும் பாகங்களை இங்கே மாட்டி விற்பதுதான் வேலை. 1950களின் ஆரம்பத்தில் அரசாங்கம், மாட்டி விற்றதெல்லாம் போதும், இங்கேயே தயாரிப்பதாக இருந்தால் இருங்கள் என்றது. ரெண்டு பேரும் மூட்டை கட்டிவிட்டார்கள்.

மிச்சம் நின்றது முக்கியமாக மூணு பேர். பிர்லாவின் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், கல்கத்தா பக்கத்து உத்தர்பாராவில். வால்சந்த் ஹீராசந்தின் பிரீமியர், பம்பாய் குர்லாவில். அப்புறம் நம்ம சென்னை ஸ்டாண்டர்ட், வண்டலூரில். மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு அம்பாஸடர் ஆனது. ஃபியட் 1100 கடைசியில் பத்மினி ஆனது. டிரையம்ஃப் ஹெரால்டு 1961ல் ஸ்டாண்டர்ட் ஹெரால்டாக வந்து பத்து வருஷம் ஓடியது. ஹெரால்டின் பானெட் முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும், முதலை வாயைப் பிளந்த மாதிரி. சின்ன வயசில் அதைப் பார்ப்பதற்காகவே ஒர்க்‌ஷாப் வாசலில் நின்றிருக்கிறேன்.

எத்தனை கார் செய்யலாம் என்பதற்கு லைசென்ஸ். என்ன விலைக்கு விற்கலாம் என்பதிலும் அரசாங்கத்தின் கை. கேட்கிற கூட்டம் பெரிசு, வருகிற வண்டி கொஞ்சம். முன்பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஃபியட்டுக்கு இன்னும் மோசம். அரசாங்க ஒதுக்கீடு என்று தனியாக ஒரு வரிசை வேறு. ஆக, கட்டுப்பாட்டு விலைக்கும் ஜனங்கள் கொடுக்கத் தயாராக இருந்த விலைக்கும் நடுவில் ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்தில் விழுந்த பணம்தான் பழைய கார் வியாபாரம். இன்றைக்கே சாவி கையில் கிடைக்கும் என்றால் மேலே பத்து ரூபாய் கொடுக்க யாருக்குத்தான் கசக்கும்?

இது அரசாங்கத்துக்கும் தெரியும். அதனால் 1959ல் கார் விநியோகத்துக்கென்று ஒரு கட்டுப்பாட்டு ஆணை போட்டார்கள். ஒதுக்கீட்டில் வாங்கிய வண்டியை அனுமதி இல்லாமல் உடனே கைமாற்றக் கூடாது. நம்ம ஆட்கள் சும்மா இருப்பார்களா? வண்டி இவர் வீட்டு வாசலில், ஆர்சி புக் அவர் பெயரில். பணம் கைமாறும், பெயர் மாறாது. பேப்பரும் வண்டியும் தனித்தனியாகக் குடித்தனம் நடத்துகிற வழக்கம் இங்கேதான் வேர் விட்டது என்பது என் கணிப்பு. இது நல்ல பழக்கம் இல்லை என்று பின்னால் பலருக்குத் தெரியவந்தது. அதுக்கு அப்புறம் வருகிறேன்.

1983ல் மாருதி வந்தது. டிசம்பர் 14ம் தேதி முதல் வண்டியின் சாவியை இந்திரா காந்தி கொடுத்தார். வாங்கியவர் ஹர்பால் சிங், இந்தியன் ஏர்லைன்ஸ் ஊழியர், டில்லிக்காரர். அவர் தன்னிடமிருந்த ஃபியட்டை விற்றுவிட்டுத்தான் இதை வாங்கினார். அந்த ஃபியட் யார் கைக்குப் போனதோ! மாருதியை மட்டும் 2010ல் சாகும்வரை அவர் விற்கவே இல்லை. எனக்கு அந்த ஃபியட் மேல்தான் கண். அதுக்கு அப்புறம் நாடு முழுக்க நடந்தது அதுதானே? வீடு வீடாக மாருதி உள்ளே வர, ஃபியட்டும் அம்பாஸடரும் வெளியே வந்தன. என்னை மாதிரி சம்பளக்காரனுக்கு எட்டுகிற உயரத்துக்கு விலை இறங்கியது அப்படித்தான்.

நான் வேலைக்காக டில்லி வந்தது 1991ல். 1994ல் ரூம்மேட்டும் நானும் ஆளுக்குப் பாதி போட்டு ஒரு பத்மினி வாங்கினோம். 1979 மாடல், 34,000 ரூபாய். 1988ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டப்படி சொந்த வண்டிக்குப் பதிவு 15 வருஷம்தான். அதுக்கு மேல் எஃப்சி பார்த்து அஞ்சஞ்சு வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். எங்கள் வண்டிக்கு அந்த 15 முடிகிற நேரம். விலை படிந்ததன் ரகசியம் அதுதான்.

வாங்குவதற்கு முன்னால் ஒரு மாசம் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் கரோல் பாக். சந்து சந்தாகப் பழைய கார் தரகர்கள். அந்தப் பேட்டையில் நிற்கிற எல்லா வண்டியும் ஒரே ஒரு டாக்டர் ஓட்டினது. கிளினிக்குக்கும் வீட்டுக்கும் மட்டும். டில்லியில் இத்தனை டாக்டர்களா என்று எங்களுக்கே ஆச்சரியம். நல்லவேளை, எங்கள் தெருமுனையில் ஒரு மெக்கானிக் இருந்தார். எல்லாருக்கும் அவர் உஸ்தாத். மதராஸிப் பையன்கள் ஏமாந்துவிடக் கூடாதே என்று கூட வந்தார். அவர் பார்த்த முறையைச் சொல்கிறேன், இப்போதும் உதவும்.

முதலில் தரகரிடம், நாங்கள் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் பண்ணாதே என்று சொல்லி வைப்பார். சூடான இஞ்சின் பொய் சொல்லும், குளிர்ந்த இஞ்சின்தான் நிஜம் பேசும். பாக்கெட்டில் துணி சுற்றின ஒரு காந்தம். கதவின் அடிப்பாகம், மட்கார்டு, வீல் மேல்வளைவு என்று வைத்துக்கொண்டே போவார். தகடு இருந்தால் ஒட்டும், பட்டி தடவியிருந்தால் நழுவும். அப்புறம் உள்ளே மிதியடியைத் தூக்குவார். ஒரு வண்டியில் தூக்கினதும் தரையே தெரிந்தது. காரின் தரை இல்லைங்க, கரோல் பாக் தரை! தரகர் அசரவில்லை, "காற்று நன்றாக வரும்" என்றார்.

இஞ்சினை ஓடவிட்டு ஆயில் மூடியைத் திறப்பார். உள்ளிருந்து குபுகுபுவென்று புகை அடித்தால் ரிங் தேய்ந்துவிட்டது, போர் பண்ண வேண்டும். மூடியின் உள்பக்கம் வெண்ணெய் மாதிரி படிந்திருந்தால் ஆயிலில் தண்ணீர், அனேகமாக ஹெட் காஸ்கெட். சைலன்சரில் நீலப்புகை வந்தால் ஆயில் எரிகிறது. கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம் குடிக்கிறது, கார்புரேட்டர் சமாசாரம், பயமில்லை. ஜாக்கி போட்டு சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுவார். மீட்டரைப் பார்க்கவே மாட்டார். கேட்டதுக்கு, அதைத் திருப்புகிறவன் என் மச்சான் என்றார்.

அவர் நாலு வண்டியை ஒதுக்கிவிட்டு, அஞ்சாவதுக்குத் தலையாட்டினார். அதுதான் எங்கள் வண்டி.

1089 சிசி, ஸ்டீயரிங் பக்கத்திலேயே கியர். எல்லாமே கண்ணுக்குத் தெரிகிற இயந்திரம். பிளாட்டினம் பாயிண்ட் இடைவெளியை ஃபீலர் கேஜ் இல்லாவிட்டால் விசிட்டிங் கார்டு வைத்தே சரி பண்ணலாம். மே மாசம் டில்லி வெயிலில் பெட்ரோல் பம்ப்பிலேயே பெட்ரோல் ஆவியாகி இஞ்சின் நின்றுவிடும். கார்புரேட்டர் காலத்து வண்டிகள் பலதுக்கும் இருந்த குணம் இது. ஈரத்துணியை பம்ப் மேல் போட்டுப் பத்து நிமிஷம் நின்றால் சரியாகிவிடும். அதனால் டிக்கியில் ஸ்டெப்னி இருக்கோ இல்லையோ, ஒரு பாட்டில் தண்ணியும் பழைய பனியனும் இருக்கும். அம்பாஸடருக்கு இஞ்ச் ஸ்பேனர், ஃபியட்டுக்கு மில்லிமீட்டர் ஸ்பேனர். ஒர்க்‌ஷாப் பையனுக்கு முதல் பாடமே இதுதான்.

சாமான் வாங்க கஷ்மீரி கேட். கல்கத்தாவுக்கு மல்லிக் பஜார், சென்னைக்குப் புதுப்பேட்டை மாதிரி டில்லிக்கு அது. எதைக் கேட்டாலும் மூணு விலை சொல்வார்கள்: ஒரிஜினல், டூப்ளிகேட், "ஒரிஜினல் மாதிரி". ரூம்மேட் எப்போதும் மூணாவதை வாங்குவான். "மாப்ள, பேரு நல்லாருக்குடா" என்பான்.

மூணு வருஷம் ஓட்டினோம். ஆக்ரா, ஜெய்ப்பூர் எல்லாம் போய்வந்தது. நாடு அதுக்குள் மாறிவிட்டது. 1993ல் கார் தொழிலுக்கு லைசென்ஸ் தேவை இல்லை என்று அரசாங்கம் அறிவித்திருந்தது. அதன் பலன் கொரியா, அமெரிக்கா, ஜெர்மனி வண்டிகளாக ஒவ்வொன்றாகத் தெருவுக்கு வந்துகொண்டிருந்தது. வங்கிகள் கடன் கொடுக்கக் கூப்பிட ஆரம்பித்தன. 1998ல் சான்ட்ரோ, இண்டிகா, மாட்டிஸ் மூணும் வந்தன. பத்மினி விலை படுத்தேவிட்டது. நாங்கள் அதுக்கு முன்னால் 1997லேயே விற்றுவிட்டோம், 29,000க்கு. வாங்கினவர் பரேலிக்காரர்.

இங்கேதான் விஷயம். ரூம்மேட்டுக்கு வெளிநாட்டு வேலை கிடைத்து கிளம்புகிற அவசரம். படிவம் 29, 30 ரெண்டிலும் பெயர் எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்துவிட்டுப் பணத்தை வாங்கிக்கொள்ளலாம் என்றான். ஊரெல்லாம் அப்படித்தான் செய்தது. தரகர்களுக்கும் அதுதான் இஷ்டம். வெற்றுப் படிவம் கையில் இருந்தால் தன் பெயருக்கு மாற்றாமலே அடுத்தவருக்குத் தள்ளிவிடலாம், செலவு மிச்சம். உஸ்தாத்தான் தடுத்தார். "வண்டியை வித்துட்டே, பேரை எங்கே வித்தே?" என்றார், அவர் பாஷையில். வேறு மாநிலத்துக்குப் போகிற வண்டி என்பதால் படிவம் 28ம் வேண்டும், தடையில்லாச் சான்றிதழ். சேசிஸ் நம்பர் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்தோம். அலுவலகத்துக்கு நாலு நடை. ரூம்மேட் திட்டிக்கொண்டேதான் வந்தான்.

அந்த நாலு நடையின் மதிப்பு 2018ல் தெரிந்தது. அந்த வருஷம் பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தில் ஒரு தீர்ப்பு. ஒருவர் 2007ல் தன் காரை விற்கிறார். அது கைமாறிக் கைமாறிப் போகிறது. பதிவில் மட்டும் பெயர் மாறவே இல்லை. 2009ல் அந்தக் கார் மோதி ஒரு குழந்தை இறந்துபோகிறது. வண்டிக்கு இன்ஷூரன்ஸ் இல்லை. நஷ்ட ஈடு யார் கொடுப்பது? பதிவுப் புத்தகத்தில் யார் பெயரோ அவர்தான் சட்டத்தின் கண்ணில் உரிமையாளர், முதலில் விற்றவர்தான் பொறுப்பு என்று சொல்லிவிட்டது நீதிமன்றம். விற்று ரெண்டு வருஷம் ஆன, தான் கண்ணாலும் பார்க்காத ஒரு விபத்துக்கு! படிக்கிறபோது விற்றவர் மேல் பரிதாபம் வருகிறது. ஆனால் இன்னொரு பக்கம் பாருங்க, பிள்ளையைப் பறிகொடுத்த குடும்பம் ஒவ்வொரு கையாகத் தேடிக்கொண்டு போக முடியுமா? விற்றவர் 14 நாளில் தெரிவிக்க வேண்டும் என்று சட்டத்தின் 50வது பிரிவு சொல்லித்தான் இருந்தது. ஒரே மாநிலத்துக்குள் விற்றால் அந்தக் கெடு.

தரகர்களைச் சட்டம் கண்டுகொள்ள இன்னும் நாலு வருஷம் ஆனது. 2022 டிசம்பரில் வந்த விதிகள், 2023 ஏப்ரல் முதல் அமல். பழைய வண்டி வியாபாரிக்கு ஆர்டிஓ அங்கீகாரம் வேண்டும். வண்டியை அவரிடம் ஒப்படைத்ததைப் பதிவு செய்துவிட்டால் அவரே உரிமையாளராகக் கருதப்படுவார். 1959ல் போட்ட ஆணைக்கும் இதுக்கும் நடுவில் அறுபது வருஷத்துக்கு மேல்!

டில்லியில் பழைய வண்டிக் கதையை முடித்தது விலை இல்லை, புகை. 10 வருஷம் தாண்டிய டீசல், 15 வருஷம் தாண்டிய பெட்ரோல் வண்டிகள் ஓடக்கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் 2014, 2015ல் சொன்னது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 2025 ஜூலையில் அப்படிப்பட்ட வண்டிகளுக்கு பங்கில் பெட்ரோலே போடாதே என்று ஆரம்பித்து, எதிர்ப்பு கிளம்பியதும் சில நாளிலேயே நிறுத்தி வைத்தார்கள். டில்லி காற்றை சுவாசிக்கிறவன் என்ற முறையில் எனக்கு இதில் முழு ஆட்சேபம் சொல்ல வாயில்லை. ஆனால் வயசை மட்டும் பார்த்து, அந்த வண்டி நிஜமாக எவ்வளவு புகை விடுகிறது என்று பார்க்காமல் தள்ளுவது எனக்கு ஒப்பவில்லை. டில்லியில் வயசான வண்டி பல சமயம் சாவதும் இல்லை, தடையில்லாச் சான்றிதழோடு இன்னொரு மாநிலத்தில் குறைந்த விலைக்குப் போய் நிற்கிறது. அங்கேயும் ஜனங்கள் மூச்சு விடுகிறார்கள்.

பம்பாயில் பத்மினி டாக்சிக்கு 20 வருஷக் கெடு. கடைசியாகப் பதிவான டாக்சி 2003 அக்டோபரில் பதிவானது. 2023 அக்டோபர் 30ம் தேதியோடு அந்தக் கறுப்பு மஞ்சளும் முடிந்தது. அம்பாஸடர் உற்பத்தி 2014லேயே உத்தர்பாராவில் நின்றுவிட்டது.

எங்கள் 1979 மாடல் பரேலி பக்கம் எங்காவது பிழைத்துக் கிடக்கிறதா, தெரியாது. கிடந்தால் 2029ல் அதுக்கு 50 வயசு. 2021ல் வந்த விதிப்படி, 50 வயசு தாண்டி, உருவம் மாற்றாமல் வைத்திருக்கிற கார் வின்டேஜ் வகையில் சேரும். பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாமாம். புதுசாகப் பதிவதற்கு 20,000 ரூபாய் கட்டணம். ரூம்மேட்டுக்கு போனில் சொன்னேன். "மாப்ள, நாம வித்ததே 29,000க்குத்தானேடா" என்றான்.