வேலை நேரம் யாருடையது?

தொழிலாளர் சரித்திரம் என்றால் கூலியின் சரித்திரம் என்றே நம்மில் பலர் கருதுகின்றனர். கூலிக்கு இணையாக, சிற்சில காலங்களில் அதனினும் கடுமையாக, வழக்காடப்பட்ட பொருள் மற்றொன்று உண்டு. அதுவே நேரம். எப்பொழுது வேலைக்கு வருவது, எப்பொழுது வீடு திரும்புவது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை எவருடையது என்ற வினா, ஆலைச் சங்கு ஊதத் தொடங்கிய நாள்தொட்டு இருந்து வருகிறது.

ஆலைகள் தோன்றுமுன் இங்கிலாந்தின் கைத்தறி நெசவாளர் தம் வீட்டிலேயே நெய்தனர். திங்கட்கிழமையை ஓய்விலே கழித்துவிட்டு, வாரக் கடைசியில் இரவு பகலாக உழைத்துத் துணியை முடித்துக் கொடுப்போர் பலர். 'புனிதத் திங்கள்' என்று அந்நாளுக்குக் கேலியாகப் பெயரும் இட்டிருந்தனர். வறுமை அவர்களை விட்டு நீங்கவில்லை. ஆயினும் பொழுது அவர்களுடையதாயிருந்தது. நீராவி யந்திரம் அதைப் பறித்தது. குறித்த நிமிஷத்தில் ஆலைக் கதவு சாத்தப்பட்டது; பிந்தி வந்தவனுக்குக் கூலியில் பிடித்தம். சில முதலாளிகள் காலையில் கடிகாரத்தை முன்னே தள்ளியும் மாலையில் பின்னே தள்ளியும் வைத்து வேலை வாங்கினர் என்று அக்காலத் தொழிலாளரே எழுதி வைத்திருக்கின்றனர். நேரத்தையும் திருடலாம் என்பதை உலகம் அப்பொழுதுதான் கண்டது போலும்!

1817-ம் ஆண்டில் ராபர்ட் ஓவன் எட்டு மணி நேர வேலை என்னும் முழக்கத்தை எழுப்பினார். பெண்களுக்கும் இளைஞர்க்கும் பத்து மணி நேரம் என்று பிரிட்டிஷ் பார்லிமெண்டு 1847-ல் சட்டம் செய்தது. சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் 1919-ல் நாளொன்றுக்கு எட்டு மணி என்ற உடன்படிக்கையை ஏற்றது. இவை யாவும் வேலையின் நீளத்தைக் குறைத்தவை. அது தொடங்கும் வேளையைப் பற்றித் தொழிலாளி வாய் திறக்கலாம் என்று இவற்றுள் ஒன்றும் கூறவில்லை.

மலாயாத் தோட்டங்களின் கதையை நான் விரித்துரைக்க வேண்டுவதில்லை. 1910-ல் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைச் சேர்ப்பது நிறுத்தப்படும் வரையில், உத்தரவின்றி வேலைக்கு வராதிருத்தல் ஒப்பந்தக்காரனுக்குக் குற்றமாகவே எண்ணப்பட்டது. விடியுமுன் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிடும்பொழுது நில்லாதவனுக்கு அன்றைய பேர் இல்லை; பேர் இல்லையேல் கூலியும் இல்லை. நேரத்தை மாற்றித் தாருங்கள் என்று துரையிடம் கேட்பது மனுவாகாது, திமிராகும்.

இந்நிலையில் மாறுதலைத் தந்தது எது? நேயர்கள் வியப்புறுவர்: சாலை நெரிசல். 1967-ம் ஆண்டு மேற்கு ஜெர்மனியில், முனிச் நகரையடுத்த ஓட்டோபுருன் என்னுமிடத்திலிருந்த பொல்கோவ் விமானக் கம்பெனியில், யாவரும் ஒரே வேளையில் வந்து ஒரே வேளையில் திரும்பியதால் வழி அடைபட்டது. கிறிஸ்டல் கெம்மெரர் என்னும் பொருளாதார அறிஞர் கூறி வந்த யோசனை அங்கு நடைமுறைக்கு வந்தது. நடுப்பகலை ஒட்டிய சில மணி நேரம் எல்லாரும் இருந்தாக வேண்டும்; அதற்கு முன்னும் பின்னும் அவரவர் சௌகரியம்; மொத்தக் கணக்கு மட்டும் நிறைவேற வேண்டும். வீட்டுப் பொறுப்புள்ள பெண்களும் உத்தியோகத்துக்கு வர இது வழி செய்யும் என்பது அவ்வம்மையாரின் கருத்து. உரிமைக்குரல் நூற்றைம்பது ஆண்டுகளாகப் பெறாத ஒன்றை மோட்டார் வண்டிகளின் நெரிசல் பெற்றுக் கொடுத்தது!

முதலாளி மனமுவந்து தந்ததைச் சட்டம் பின்னரே தொட்டது. ஒல்லாந்து 2000-லும் பிரிட்டன் 2003-லும் வழி காட்டின. பிரிட்டனில் முதலில் சிறு குழந்தைகளின் பெற்றோரும் ஊனமுற்ற பிள்ளைகளின் பெற்றோருமே கேட்கலாம் என்றிருந்தது. 2014-ல் அவ்வுரிமை ஏனையோருக்கும் விரிந்தது. 2020-ல் கொள்ளை நோய் ஊரை அடைத்தபொழுது, வீட்டிலிருந்தே ஆபீசு நடத்தலாம் என்பதைத் துரைமார்களும் கண்டுகொண்டனர்.

மலேசியாவில் திருத்தப்பட்ட வேலைச் சட்டம் 2023 ஜனவரி 1-ந் தேதி அமலுக்கு வந்தது. வார வேலை 48 மணியிலிருந்து 45 மணியாயிற்று. வேலை நேரம், வேலை நாள், வேலையிடம் ஆகியவற்றை மாற்றித் தருமாறு தொழிலாளி எழுத்து மூலம் கேட்கலாம். முதலாளி 60 நாட்களுக்குள் எழுத்து மூலம் விடை தர வேண்டும்; மறுப்பின் காரணத்தையும் கூற வேண்டும். சிங்கப்பூரில் 2024 டிசம்பர் 1 முதல் இதனையொத்த வழிகாட்டு விதிகள் உள. அங்கே தவணை இரண்டு மாதம். பெறும் உரிமையன்று இது, கேட்கும் உரிமையே என்று சிலர் எள்ளுகின்றனர். அவ்வெள்ளலில் நியாயமுண்டு. ஆனால் கேட்டாலே திமிர் என்றிருந்த மண்ணில், மறுப்பவன் காரணம் எழுதித் தர வேண்டுமென்பது சிறு மாறுதலன்று.

பால்மரம் சீவுவோருக்கு இதனால் ஆவதென்ன? மரத்தில் பால் நன்கு இறங்குவது வெயில் ஏறுமுன். மழை பெய்தால் அதுவுமில்லை. மரத்தை வீட்டுக்குக் கொண்டு போகவும் இயலாது. நேரத்தை மரம் தீர்மானிக்கிறது என்பது உண்மைதான். எனினும் சட்டம் நேரத்தை மட்டுமா கூறுகிறது? நாளையும் கூறுகிறது, இடத்தையும் கூறுகிறது. கைக்குழந்தையுள்ள தாய், லயத்துக்கு அருகிலுள்ள மலையில் வேலை வேண்டுமென்று எழுதிக் கேட்பதை எம்மரமும் தடுக்காது. கிராணி உத்தியோகம் பார்க்கும் என்னிடம் இத்தகைய மனு எழுதித் தரச் சொல்லி இதுவரை வந்தவர்கள் ஆபீசுப் பணியாளர்களே. மரம் சீவுவோரில் ஒருவரும் இல்லை.