மூடிய கதவுக்குள் பிழைத்த பண்டிகை: ஹீதன் இல்லச் சடங்குகளும் மரபு என்னும் கேள்வியும்

முன்னுரை

வட ஐரோப்பாவில் கிறித்துவத்துக்கு முன் வழங்கிய தெய்வங்களை இன்று வழிபடுவோர் தம்மை ‘ஹீதன்’ என்று சொல்லிக்கொள்கிறார்கள். நெடுங்காலம் அது வசைச்சொல்லாக இருந்தது. 1713இல் தரங்கம்பாடியில் கிறித்துவ மதபோதகர் சீகன்பால்கு அச்சிட்ட தமிழ்ச் சிறுநூல் அதே கருத்துக்கு ‘அக்கியானம்’ என்று பெயரிட்டது. பிறர் பழித்த பெயரையே உரிமையோடு ஏற்றவர்களின் வீட்டுப் பண்டிகைகள் அண்மையில் புனையப்பட்டவை, ஆகவே மரபாகா என்று சொல்லப்படுகிறது. சடங்கின் வடிவம் புதியது என்பதை நான் ஏற்கிறேன். ஆனால் பருவத்தை வீட்டில் வரவேற்கும் பழக்கத்தில்தான் இம்மரபின் உயிர் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

வீட்டுக்குள் நடந்த வழிபாடு

1020ஐ ஒட்டி, நார்வே மன்னரின் தூதராக ஸ்வீடன் பக்கம் சென்ற ஐஸ்லாந்துக் கவிஞர் ஸிக்வத், இரவு தங்க இடம் தேடி வீடு வீடாகக் கதவைத் தட்டினார். ஒரு வீட்டில் பெண்ணொருத்தி வாசலிலேயே அவரைத் தடுத்தாள். உள்ளே ‘ஆல்ஃப்’ என்னும் தேவகணங்களுக்குப் படையல் நடக்கிறது, அந்நியர் நுழைந்தால் ஓடின் என்னும் தெய்வத்தின் சினத்துக்கு ஆளாவோம் என்றாள். தமக்கு நேர்ந்த அவமதிப்பாக ஸிக்வத் இதைப் பாடிவைத்தார். ஆய்வாளருக்கோ இது அரிய சான்று. இதில் கோயிலும் இல்லை, பூசாரியும் இல்லை. வாசலும் வீட்டுக்காரியும் மட்டுமே இருக்கிறார்கள்.

சட்டங்களும் இதையே உணர்த்துகின்றன. 1000ஆம் ஆண்டையொட்டி ஐஸ்லாந்து கிறித்துவத்தை ஏற்றபோது, மறைவாகப் பலியிட விரும்புவோர் பலியிடலாம், சாட்சி கிடைத்தால்தான் தண்டனை என்று விதித்ததை வரலாற்றாசிரியர் ஆரி தோர்கில்சன் குறித்திருக்கிறார். சில ஆண்டுகளில் அந்தச் சலுகையும் நீங்கியது. நார்வேயின் குலாதிங் சட்டம் வேறு வழியில் போயிற்று. ஒவ்வொரு குடும்பமும் குளிர்காலப் பண்டிகைக்கு ஏல் என்னும் தானிய மது காய்ச்ச வேண்டும், குறைந்தது மூன்று உழவர் கூடிக் குடிக்க வேண்டும், நல்விளைச்சலுக்கும் அமைதிக்குமாக அதை ஏசுவுக்கும் மரியாளுக்கும் படைக்க வேண்டும் என்று அது கட்டளையிட்டது. படையலை ஏற்கும் தெய்வம் மாறியது. காய்ச்சும் பானையும், கூடிக் குடிக்கும் குடும்பங்களும், கேட்கும் வரமும் மாறவில்லை.

வாசலில் ஒரு கிண்ணம் நீர்

ஏப்ரல் 19க்கும் 25க்கும் இடையில் வரும் வியாழக்கிழமை ஐஸ்லாந்தில் ‘கோடையின் முதல் நாள்’. அது இன்றும் அரசு விடுமுறை. ஆண்டைக் கோடை, குளிர் என இரண்டாகப் பகுத்த பழைய நாட்காட்டியின் எச்சம் அது. முந்தைய இரவு வாசலில் ஒரு கிண்ணத்தில் நீர் வைப்பார்கள். விடியலில் நீர் உறைந்திருந்தால் குளிரும் கோடையும் சேர்ந்து உறைந்தன என்று மகிழ்வார்கள், அவ்வாண்டு கறவை நன்றாக இருக்கும் என்பது நம்பிக்கை. அன்று பிள்ளைகளுக்குப் பரிசு தருவதும் உண்டு. அங்கே கிறிஸ்துமஸ் பரிசைவிட அந்த வழக்கம் பழையது. பழைய தெய்வங்களை மீண்டும் வழிபட 1972இல் ஸ்வைன்பியோர்ன் பைன்டைன்சன் முதலியோர் ஆசத்ரு சங்கத்தைத் தொடங்கத் தேர்ந்த நாளும் இதுவே. மறுஆண்டே அரசு அதை ஏற்றது. தெய்வங்களின் பெயர் ஒலிக்காத நூற்றாண்டுகளிலும் இந்த நாளை வீடுகள் கைவிடவில்லை என்பதே நம் வாதத்துக்கு முக்கியம்.

புனைவு என்னும் குற்றச்சாட்டு

மரபுகள் புனையப்படுவதைப் பற்றி வரலாற்றாசிரியர்கள் எரிக் ஹாப்ஸ்பாமும் டெரன்ஸ் ரேஞ்சரும் 1983இல் தொகுத்து வெளியிட்ட நூலுக்குப் பின், பழமை என்று சொல்லப்படும் எதையும் ஐயத்தோடு நோக்கும் பழக்கம் வலுத்தது. அந்த ஐயம் நியாயமானதே. ஆண்டுக்கு எட்டுப் பண்டிகை என்னும் சக்கரம் 20ஆம் நூற்றாண்டு பிரிட்டனில் உருவானது. ஐஸ்லாந்தின் நடுக்குளிர்கால விருந்தான தோர்ராப்ளோட்டை இன்றைய வடிவில் தொடங்கியவர்கள் 19ஆம் நூற்றாண்டு மாணவர்கள். டிசம்பர் 24 இரவை இங்கிலாந்தின் பழங்குடிகள் ‘அன்னையர் இரவு’ என்றனர் என 725இல் துறவி பீட் எழுதினார், ஆனால் சடங்கை விவரிக்கவில்லை. இன்று அவ்விரவில் மறைந்த பாட்டிமாரின் பெயர் சொல்லி மெழுகுவத்தி ஏற்றும் குடும்பங்கள் அந்த முறையைத் தாமே வகுத்துக்கொண்டன.

ஆனால் எழுதிவைத்த விதிமுறையைக் கோயிலிடம் கேட்கலாம், அடுப்படியிடம் கேட்க முடியாது. வீட்டுச் சடங்கு பார்த்துப் பழகுவது. வீட்டுக்கு வீடு, தலைமுறைக்குத் தலைமுறை அது மாறும். அப்படியானால் எந்தக் குடும்ப விருந்தும் மரபாகிவிடுமா? ஆகாது. பருவம் அதற்கு வரம்பிடுகிறது. ஆஸ்திரேலிய ஹீதன்களில் பலர் ‘யூல்’ என்னும் குளிர்காலப் பண்டிகையை ஜூனில் கொண்டாடுகிறார்கள். நீண்ட இரவு அங்கே அப்போதுதான் வருகிறது. தேதியை விட்டுக்கொடுத்துப் பருவத்தைக் காப்பவர்களை வெறும் பாவனைக்காரர்கள் என்று தள்ளுவது தகாது.

முடிவுரை

இம்மரபைக் கைக்கொள்வோருக்கு இரண்டு கடமைகள் உண்டு. நேற்று வகுத்ததை ஆயிரமாண்டுப் பழமை என்று பிள்ளைகளிடம் சொல்லக்கூடாது. முன்னோரை வணங்குவதை இனப்பெருமையாகத் திரிப்பவர்களுக்கு இடம் தரக்கூடாது. இனவாதத்தை வெளிப்படையாக மறுக்கும் ஆசத்ரு சங்கம் தன் பருவ விழாக்களுக்கு வெளியாரையும் வரவேற்கிறது. அச்சத்தால் ஸிக்வத்துக்கு மூடப்பட்ட கதவை இப்படித் திறப்பதும் புதுமைதான். மரபு அதனால் மெலியவில்லை, செழித்திருக்கிறது.