கேக்கெக்டின் பிறந்த கதை

ஆப்பிரிக்காவில் செட்செ ஈ பரப்பும் நகானா நோய் கண்ட மாடு எலும்பும் தோலுமாகிவிடும். கென்ய மாடுகளின் இந்தக் கோலம் நியூயார்க் ராக்பெல்லர் பல்கலைக்கழகத்தின் ஆந்தனி செராமியை உறுத்தியது. அவ்வளவு பெரிய உடம்பை உருக்கும் அளவுக்கு ரத்தத்தில் கிருமிகள் இல்லையே!

அதே வகைக் கிருமியை முயல்களுக்கு ஏற்றிப் பார்த்தார்கள். கரோல் ரூசரும் செராமியும் 1980இல் வெளியிட்ட முடிவு விசித்திரமானது. முயல் இளைத்துக்கொண்டே போகிறது; அதன் ரத்தத்திலோ கொழுப்பு தேங்கி நிற்கிறது. கொழுப்பை ரத்தத்திலிருந்து திசுக்களுக்குள் இறக்கிவிடும் லிப்போபுரோட்டீன் லிப்பேஸ் என்ற நொதி முடங்கிக் கிடந்தது. எரிபொருள் வாசல்வரை வந்தும் செல்லுக்குள் போகவில்லை.

நொதியை முடக்கியது எது? அதே நொதியைக் குறைக்கும் பாக்டீரியா நச்சை ஏற்றிய எலியின் சீரத்தை, அந்த நச்சுக்கு அசையாத இன்னொரு எலிக்குச் செலுத்தினார் செராமியின் சக ஆய்வாளர் கவகாமி. அதற்கும் நொதி குறைந்தது. ஆக, உருக்குவது கிருமியல்ல, உடம்பின் வெள்ளணுக்களே சுரக்கும் ஏதோ ஒன்று. அதற்குக் கேக்கெக்டின் என்று பெயரிட்டார்கள். புரூஸ் பியூட்லர் அதைப் பிரித்தெடுத்து 1985இல் அமினோ அமில வரிசையைப் பார்த்தபோது, அது ஏற்கெனவே தெரிந்த பொருளாக இருந்தது: டிஎன்எஃப். தெருவுக்கு எதிர்ப்புறம் உள்ள ஸ்லோன் கெட்டரிங்கில் லாயிட் ஓல்டின் குழு, எலிகளின் புற்றுக்கட்டியைக் கருகச் செய்யும் பொருள் என்று 1975இல் அறிவித்த அதே டிஎன்எஃப். கட்டியை அழிக்கும் என்று நம்பியதே ஆளையும் உருக்கியது.

டிஎன்எஃபைத் தடுக்கும் மருந்துகள் முடக்குவாதத்துக்குப் பெரிய வரமாயின. புற்றுநோயாளிகளின் மெலிவை மட்டும் அவை நிறுத்தவில்லை. மனித உடம்பில் இந்த வேலைக்குப் பல சமிக்ஞைகள் இருக்கின்றன. தசைப் புரதம் கட்டப்படுவதைவிட வேகமாகச் சிதைகிறது, ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவும் தளர்கிறது. வழக்கமான ஊட்டத்தால் முழுமையாக மீட்க முடியாத தசை இழப்பு என்றுதான் 2011இன் சர்வதேச வரையறை புற்றுநோய் மெலிவைச் சொல்கிறது. "நல்லா சாப்பிட்டா தேறிடுவே" என்று நோயாளியைக் கடிந்துகொள்ளும் ஒவ்வொரு வீட்டுக்கும் இந்த வரி போய்ச் சேர வேண்டும். இளைப்பது அவர் பிடிவாதத்தால் அல்ல.

பசியை அடக்கும் ஜிடிஎஃப்-15 என்ற இன்னொரு சமிக்ஞை மூளைத்தண்டில் வேலை செய்வது 2017இல் உறுதியானது. அதைத் தடுக்கும் பொன்செக்ரோமாப் மருந்தை 187 நோயாளிகளிடம் சோதித்த முடிவு 2024இல் வந்தது. மிகுந்த அளவு மருந்து பெற்றவர்கள் 12 வாரத்தில், வெற்றுமருந்து பெற்றவர்களைவிட ஏறத்தாழ 2.8 கிலோ கூடுதல் எடையோடு இருந்தார்கள். பசி திரும்பியது, நடமாட்டமும் கூடியது.